ரேகையில்லாத பச்சையப்பன்

பில் கலெக்டர் வேலை பார்த்தவனுக்கு ஊரில் சிநேகிதர்கள் இருக்க மாட்டார்கள். பாலாற்றங்கரையில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் நகராட்சியில் இருபத்தாறு வருஷம் வீட்டு வரி வசூலித்தேன். நான் தெருமுனையில் திரும்பினாலே பெரிய மனிதர்கள் கொல்லைப்புற வழியாக வெளியேறிவிடுவார்கள். ஐயா வேலூருக்குப் போயிருக்கிறார் என்று உள்ளேயிருந்து பதில் வரும். அந்தப் பதில்களை நம்பினால், எங்கள் ஊரில் பாதிப்பேர் வருஷம் முழுவதும் வேலூர் லாங் பஜாரில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

என் தலையைக் கண்டதும் முகம் மலர்ந்தவர் ஒரே ஒரு ஆள். அவர் பெயர் பச்சையப்பன். தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். போன மாதம் எங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு நாற்பது பக்கத்தில், போட்டோவோடு அச்சாகி வந்தது. அதில் அவரை 'நகரின் தலைசிறந்த பிரஜை' என்று போட்டிருக்கிறார்கள். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாக வேலூருக்குப் போனவர். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பச்சையப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்த எரிச்சல்தான்.

தாது வருஷப் பஞ்சம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்ததாக அவருடைய அம்மா சொன்னாளாம். அதற்குமேல் துல்லியமாக யாருக்கும் தெரியாது. பதினாலு வயதில் ஷபீ அஹமது சாயபுவின் தகப்பனார் நடத்திய கிடங்கில் சேர்ந்தார். பச்சைத் தோல் வந்தால் முதலில் சுண்ணாம்புத் தண்ணீர் நிறைந்த குழியில்தான் போடுவார்கள். சில நாள் ஊறினால் மயிர் கழன்றுவிடும். குழிக்குள் இறங்கி, தோலைப் புரட்டி, எடுத்து, மறுபடி போடுவதுதான் பச்சையப்பன் வேலை. வெறும் கை, வெறும் கால். சுண்ணாம்புக்கு மாட்டுத்தோல் எது, மனுஷத்தோல் எது என்று தெரியாது. முப்பத்தைந்து வருஷத்தில் அவருடைய உள்ளங்கை வெளுத்து, தேய்ந்து, கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி ஆகிவிட்டது. ஊர் அவரை 'அவன்' என்றுதான் சொல்லிப் பழகியிருந்தது. நானும் பேச்சில் அப்படித்தான் சொன்னேன். எழுத்தில் சொல்ல மாட்டேன்.

அவர் மனைவி மீனாம்பாள் கெட்டிக்காரி. இரண்டு எருமை வளர்த்து, பால் ஊற்றி, வறட்டி தட்டி விற்று, ஊருக்குக் கிழக்கே ஒதுக்கிவைத்த அந்தத் தெருவில் முதல் ஓட்டு வீட்டைக் கட்டினாள். ஓட்டு வீடென்றால் வரி உண்டு. நான் முதல் முறை ரசீதுப் புத்தகத்தோடு போனபோது, வழக்கமான அழுகையை எதிர்பார்த்துத்தான் நின்றேன். பச்சையப்பன் பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதில் எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் பெயர் எழுதிய காகிதம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடுத்த அரையாண்டு வரிக்கு நான் பத்து நாள் தாமதமாகப் போனதற்கு என்னிடமே கோபித்துக்கொண்டார்.

இனி ஓட்டு விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓட்டர் என்றால் மாடி வீடு, மண்டி, தங்கச் சங்கிலி. தேர்தல் என்றால் அப்படிப்பட்டவர்கள் ஒரு கூடத்தில் கூடி ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டு காப்பி சாப்பிட்டுக் கலைவது. பிறகு சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது. முதலில் கடைக்காரர்கள், அப்புறம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கடைசியில் வீட்டு வரி கட்டுகிறவன், அவன் பெண்டாட்டி என்று முப்பதுகளில் எங்கேயோ வந்து நின்றது. பிரஜை என்றால் சொத்து என்றிருந்தது போய், பிரஜை என்றால் ஆள் என்று ஆகப்போவதை எங்கள் ஆபீசில் யாரும் ரசிக்கவில்லை. பட்டியல் எழுதும் வேலை அதிகமாயிற்றே.

அந்த வருஷத்துத் தேர்தலில் பச்சையப்பனின் முதலாளியான ஷபீ அஹமது சாயபுவே எங்கள் வார்டுக்கு நின்றார். சாயபு நல்ல மனிதர்தான். ரம்ஜானுக்குக் கிடங்கு ஆட்கள் அத்தனை பேருக்கும் வேட்டி கொடுப்பார். சாதாரண நாளில் யார் கும்பிட்டாலும் லேசாகத் தலையை அசைப்பார். தேர்தல் வந்ததும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓட்டர் வீட்டு வாசலில் நிற்கக் கற்றுக்கொண்டார். கடைத்தெருவில் அவர் பொடிக்கடைக்காரரைக் கும்பிட்டதைப் பச்சையப்பன் தன் கண்ணால் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஆரோக்கியசாமி ஐயா, மொதலாளி கும்புடுறாருங்க. பொடி விக்கிறவர, ரெண்டு கையும் சேத்துக் கும்புடுறாரு. நான் முப்பத்தஞ்சு வருஷமா அவுங்க அப்பாவையும் கும்புட்டேன், இவரையும் கும்புட்டேன். எனக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம் வந்தாப் போதும்" என்றார்.

சாக்கடை வேண்டும், விளக்கு வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஒரு கும்பிடு வேண்டும், அதற்கு ஓட்டு வேண்டும். இவ்வளவு தெளிவாக ஓட்டுரிமைக்குக் காரணம் சொன்ன வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

பட்டியலைப் பார்த்தால் அவர் பெயர் இல்லை. பெயர் எழுதப் போனவர்கள் அவர் தெருவுக்கு முன்னால் இருக்கும் சாக்கடைப் பாலத்தோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் வாடை ஜாஸ்தியாம். பரவாயில்லை, கெடு முடிவதற்குள் மனுப் போட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. நானே இரண்டு மனு எழுதினேன், அவருக்கு ஒன்று, மீனாம்பாளுக்கு ஒன்று. தனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை, எருமைக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று அவள் முறைத்தாள். இருந்தாலும் வந்தாள். கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தது.

மனுக்களை வாங்கும் குமாஸ்தா ராமமூர்த்தி. ஆபீசில் என் பக்கத்து மேஜை. அதற்கு முந்தின தேர்தலில் எவனோ ஒருவன் தன் ஒரே கட்டைவிரலால் இருபத்திரண்டு மனுவில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டான். அதைக் கண்டுபிடிக்காததற்கு ராமமூர்த்திக்கு மெமோ வந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற ரேகையையெல்லாம் கைரேகை ஜோசியர் மாதிரி பார்ப்பார். மீனாம்பாளின் ரேகையைப் பார்த்தார். அழகாக, சுழி சுழியாக விழுந்திருந்தது. தலையாட்டினார். பச்சையப்பன் விரலை மையில் ஒற்றி அழுத்தினார். காகிதத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

ராமமூர்த்தி இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். அதே வட்டம். வலது கை. அதே வட்டம். விரலுக்குப் பதில் எதையோ ஒளித்து வைத்து அழுத்துகிறார் என்று சந்தேகப்பட்டு விரலைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, இது கைநாட்டே இல்லை, செல்லாது என்றார். நான் குறுக்கிட்டு, வரி ரசீது இருக்கிறதே என்று கேட்டேன். அதற்கு அவர் பச்சையப்பனைப் பார்த்துச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ரசீது இருக்குதுய்யா. பச்சையப்பன்னு ஒரு ஆள் இருக்கான், அவன் ஒழுங்கா வரி கட்றான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீதான் அவன்னு நான் எப்படி நம்பறது?"

"நான்தானே சாமி கட்றேன்?"

"அதைத்தான் நிரூபிக்கணும்."

மீனாம்பாளின் மனுவை அவர் ஏற்றுக்கொண்டார். அவள் புருஷன் வரி கட்டுகிறவன் என்பதற்கு ரசீது அத்தாட்சி, அவள்தான் அவள் என்பதற்கு ரேகை அத்தாட்சி. ஆக, பச்சையப்பனுடைய மனைவி என்று அவள் நிரூபணமாகிவிட்டாள். பச்சையப்பன் மட்டும் பாக்கி. அந்த ஆளை எனக்குத் தெரியும், நான் சாட்சி சொல்கிறேன் என்று நான் எழுந்தேன். ஆபீஸ் சிப்பந்தி சாட்சி சொல்லக் கூடாது என்று ராமமூர்த்தி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கூடு உருண்டு, என் வேட்டிதான் பாழாயிற்று.

அதற்கப்புறம் பதினைந்து நாள் பச்சையப்பன் ரேகை வளர்த்தார். கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு கட்டைவிரலுக்கும் விளக்கெண்ணெய் தடவி, துணி சுற்றி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மீனாம்பாள் சோறு ஊட்டிவிட்டாள். கலியாணமான புதிதில்கூட இப்படி ஊட்டியதில்லை என்று அவளே என்னிடம் பேஜாராகிச் சொன்னாள். தினமும் காலையில் கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து, தெருவே கூடிப் பார்க்கும். ஒருநாள் ஒரு கோடு தெரிந்தது. பெரிய சந்தோஷம். கழுவிப் பார்த்தால் துணியின் நூல் அச்சு.

கால் கட்டைவிரலை வைத்தால் என்ன என்று தெருவில் யாரோ யோசனை சொன்னார்கள். விரல் விரல்தானே என்று அவருக்கும் பட்டிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு வந்து, மேஜை உயரத்துக்குக் காலைத் தூக்க, ராமமூர்த்தி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அதுவும் வீண். சுண்ணாம்புக் குழியில் கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அதே வார்டில் உள்ள ஓட்டர் யாராவது வந்து, இவர் இன்னார் என்று சொல்லிக் கையெழுத்துப் போடலாம். பச்சையப்பன் தெருவில் மற்றவையெல்லாம் கூரை வீடுகள், ஓட்டர் எவரும் இல்லை. மீனாம்பாளும் பட்டியல் அச்சாகி வந்த பிறகுதான் ஓட்டர். அவரை முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்த ஓட்டர் முதலாளிதான். கேட்டதும் சாயபு மறுக்கவில்லை. என் ஆளுக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது என்று குதிரை வண்டியிலேயே ஆபீசுக்கு வந்து இறங்கினார். பச்சையப்பன் பெருமையில் விறைத்துப்போய் அவர் பின்னால் நின்றார். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

ராமமூர்த்தி காகிதத்தை எடுத்து, "இவன் பேர் என்னங்க?" என்று கேட்டார்.

"சுண்ணாம்பு."

"பேருங்க."

சாயபு திரும்பிப் பச்சையப்பனைப் பார்த்தார். அப்பா காலத்திலிருந்தே அதுதான் பேர் என்றார். அப்புறம், கிடங்கின் ஆள் பதிவில் இருக்கும் என்று சொல்லி எழுத்தரை அனுப்பினார். எழுத்தர் நோட்டோடு ஓடி வந்தார். நோட்டில் 'சுண்ணாம்புக் குழி ஆட்கள் பதினாலு' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். பெயரைத் தெரியாமல் சாட்சி சொல்ல முடியாது என்று ராமமூர்த்தி பணிவாகச் சொன்னார். பச்சையப்பனே தன் பெயரைச் சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சாயபு கேட்டுப் பார்த்தார். சாட்சிக்கே இவன்தான் சாட்சியா என்று ராமமூர்த்தி கேட்டதும் சாயபுவின் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், அவர் வெட்கப்பட்டார் என்பதை நான் எழுதியாக வேண்டும். எழுத்தரை வாசல்வரை திட்டிக்கொண்டே போனார்.

பட்டியல் வந்தது. 'மீனாம்பாள், கணவர் பெயர் பச்சையப்பன்' என்று அச்சாகியிருந்தது. பச்சையப்பன் என்று தனியாக ஒரு வரி இல்லை. அன்று அவர் வீட்டுக்குப் போனேன். குழிக்குப் போய்வந்த வெள்ளைக் காலோடு உட்கார்ந்திருந்தார். நான் தேற்றுவதற்கு என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கடைசியில், அடுத்த வரி எப்போது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து சாயபு ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு வந்தார். பட்டியலில் ஒரே ஒரு பெயருக்காகச் சாக்கடைப் பாலத்தைத் தாண்டி வந்தார் என்றால் போட்டி கடுமை என்று அர்த்தம். எதிர்த்து நின்றவர் ஆவாரம்பட்டை வியாபாரி துரைசாமி. வாசலில் பச்சையப்பன்தான் நின்றார். சாயபு அவரைப் பார்த்து, இது உன் வீடா என்று ஆச்சரியப்பட்டு, "அரே சுண்ணாம்பு, அம்மாவக் கூப்புடு" என்றார். மீனாம்பாள் வறட்டி தட்டிய கையோடு வெளியே வந்தாள். சாயபு இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, தாராளமாகக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு பச்சையப்பனின் தோளை உரசிக்கொண்டு அவள்மேல் போய் விழுந்தது. கையில் சாணி இருந்ததால் அவளால் பதிலுக்குக் கும்பிடவும் முடியவில்லை.

அந்த ராத்திரி சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று மீனாம்பாள் பின்னால் சொன்னாள். அவளுக்குச் சங்கடம். தன் தட்டில் விழுந்த கறித்துண்டை எடுத்து அவர் தட்டில் போடலாம், கும்பிடை எப்படி எடுத்துப் போடுவது?

ஓட்டு நாளன்று பெண்கள் சாவடியில் ராமமூர்த்திதான் அதிகாரி. நான் வரிசையை ஒழுங்குபண்ண நின்றேன். ஆளுக்கொரு நிறப் பெட்டி, சாயபுவுக்கு வெள்ளை, துரைசாமிக்குச் சிவப்பு. மீனாம்பாள் முறை வந்தது. ராமமூர்த்தி பட்டியலைப் பார்த்து, புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட அவள் அந்தப் பெயரை உச்சரித்தவள் இல்லை. சர்க்கார் கேட்கிறது என்பதற்காக ஆரம்பிப்பாளா?

"அதோ வேப்ப மரத்தாண்ட நிக்கிறாரே, அவரு பேருதான் சாமி" என்றாள்.

பெயர் சொல்லாவிட்டால் ஓட்டுச் சீட்டு கிடையாது, அல்லது அதிகாரிக்கு நேரில் தெரிந்த யாராவது அடையாளம் காட்ட வேண்டும் என்றார் ராமமூர்த்தி. பின்னால் நாற்பது பெண்கள். வெயில். குழந்தைகள் அலறின. அதில் பாதிப் பெண்கள், தங்களையும் இப்படித்தான் கேட்பார்களா என்று கலவரப்பட்டு வீட்டுக்குத் திரும்பத் தயாரானார்கள். சாவடி காலியானால் மறுபடி ஒரு மெமோ. ராமமூர்த்தி வேறு வழியில்லாமல் பச்சையப்பனை உள்ளே கூப்பிட்டார்.

"இந்தம்மா யாரு?"

"என் சம்சாரம் சாமி."

"நீ யாரு?"

"பச்சையப்பன்."

ராமமூர்த்தியின் பேனா ஒரு நிமிஷம் நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் ஆட்சேபம் இல்லை என்றார்கள். அவர் பதிவேட்டில், 'அடையாளம் காட்டியவர் கணவர் பச்சையப்பன், எனக்கு நேரில் தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் எந்தக் கையெழுத்தையும் நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. மீனாம்பாள் உள்ளே போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தாள். எந்தப் பெட்டி என்று பச்சையப்பன் கேட்டதற்கு, ஓட்டு இல்லாதவரிடம் சொல்லக் கூடாதாம் என்று சொல்லிவிட்டாள். சாயபு பதினோரு ஓட்டில் தோற்றார்.

மறு வருஷம் பட்டியல் திருத்தும்போது நான் பச்சையப்பன் பேரில் புது மனு எழுதினேன். கைநாட்டு இடத்தில் அதே வெறும் வட்டம். கூடவே அந்தப் பதிவேட்டின் பக்க எண்ணைச் சேர்த்து வைத்தேன். ராமமூர்த்தி அரை நாள் மல்லாடினார். ஆளை நேரில் தெரியும் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தானே எப்படி மறுப்பார்? கடைசியில் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மீனாம்பாளின் புருஷன் என்றுதான் இந்த ஆளைத் தனக்குத் தெரியும், தகப்பன் பெயருக்கு அத்தாட்சி இல்லை, ஆகையால் அப்படித்தான் எழுதுவேன் என்றார். எழுதினார். 'பச்சையப்பன், மீனாம்பாள் புருஷன்.' ஊரில் பெண்டாட்டி பெயரால் ஓட்டரான ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். கடைத்தெருவில் கேலி செய்தார்கள். திருத்தி எழுத மனுப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். என்னை நெஜமாலுமே தெரிஞ்சது அவளுக்குத்தானே ஐயா, இருக்கட்டும் என்றார்.

அந்த வருஷமே துரைசாமி ராஜினாமா செய்ய, இடைத்தேர்தல் வந்தது. சாயபு மறுபடி நின்றார். நான் அப்போது வரி ரசீதோடு பச்சையப்பன் வாசலில் இருந்தேன். பாலத்தைத் தாண்டிச் சாயபு வருவது தெரிந்ததும் பச்சையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். மீனாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். சாயபு பட்டியலைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, தானே படித்தார்.

"பச்சையப்பன்" என்றார்.

அந்தப் பெயரை முதலாளி வாயால் கேட்டதும், முப்பத்தாறு வருஷப் பழக்கம், பச்சையப்பனின் இரண்டு கையும் தானாக மேலே போய்க் கூப்பிக்கொண்டன. சாயபுவின் கைகள் பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டன. பழக்கப்படி அவர் தலையை அசைக்கப் போனார். இத்தனை பாடும் போயிற்று என்று நினைத்தேன்.

மீனாம்பாள் எட்டி, புருஷனுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"கைய எறக்குங்க. அவரு கும்புடட்டும்."

பச்சையப்பனின் கைகளை அவள் விடவில்லை. சாயபு அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். பட்டியலை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துக் கும்பிட்டார்.